யூரின் சரியா போகலைன்னா எதுல ஆரம்பிக்கணும்: வரிசை மாத்தாம செய்ய ஒரு முழு வழிகாட்டி

எங்க அப்பாவுக்கு 71 வயசுல யூரின் போற வேகம் கொறஞ்சுது. பாத்ரூம்ல நின்னுட்டே இருப்பாரு, ரெண்டு நிமிஷம் கழிச்சு நூல் மாதிரி வரும், நடுவுல நின்னுடும், மறுபடி சொட்டும். வீட்டுல எல்லாரும் சொன்னது உடம்பு சூடு, தண்ணி பத்தல. சரின்னு வாழைத்தண்டு ஜூஸ், பார்லி தண்ணி, அதுக்கு மேல ரெண்டு சொம்பு வெறும் தண்ணின்னு குடிக்க வச்சோம், அதே வாரம் சளி புடிச்சிருக்குன்னு மெடிக்கல்ல கேட்டு ஒரு சளி மாத்திரையும் குடுத்தோம். அன்னைக்கு ராத்திரி ஒரு சொட்டு கூட வரல. அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, வலி தாங்காம கட்டில் கம்பிய புடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. ஆஸ்பத்திரில ட்யூப் போட்டதும் 900 மி.லி.க்கு மேல வந்துச்சு.

வெளிய போற வழி சுருங்கி இருந்த ஆளுக்கு உள்ள வர்ற தண்ணிய ஏத்துனோம், அதோட மூத்திரப் பை சுருங்க விடாத அந்த சளி மாத்திரையையும் குடுத்தோம். அதுக்கப்புறம் மாமா, பக்கத்து வீட்டு தாத்தா, கூட வேலை பாக்குறவரோட அம்மான்னு நாலஞ்சு பேருக்கு கூட இருந்து பாத்திருக்கேன், எல்லாரும் தடுக்கி விழுற இடம் அதேதான். என்ன பிரச்சினைன்னு பிரிச்சு பாக்காம தண்ணில ஆரம்பிச்சிடுறாங்க. அதனால கீழ இருக்குற வரிசைய மாத்தாதீங்க.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியது

ஒரு அளவு ஜக் வேணும். மெடிக்கல்ல கைப்பிடி வச்ச யூரின் கேன் கிடைக்கும், பக்கத்துல மி.லி. கோடு போட்டிருக்கும், ஆம்பளைங்களுக்கு அது போதும். பொம்பளைங்களுக்கு வாய் அகலமான பிளாஸ்டிக் மக் வசதி. அதுல கோடு இல்லன்னா பழைய ஃபீடிங் பாட்டில்ல 100, 100ஆ தண்ணி அளந்து ஊத்தி மார்க்கர்ல கோடு போட்டுக்கலாம்.

அப்புறம் ஒரு நோட்டு, பேனா, பாத்ரூம் கதவு பக்கத்துல ஒரு கடிகாரம். இதோட அவங்க சாப்புடுற எல்லா மாத்திரை அட்டையும் ஒரு கவர்ல போட்டு வைங்க, நாட்டு மருந்து, லேகியம், சளி மருந்து உட்பட. இது 5வது படிக்கு வேணும்.

இன்னொண்ணு, பேச்சு. அப்பா ஒரு வருஷமா கஷ்டப்பட்டிருக்காரு, எங்கிட்ட சொல்லவே இல்ல. "ஒண்ணுக்கு சரியா போகுதாப்பா"ன்னு கேட்டா "அதெல்லாம் போகுது"ன்னுதான் வரும். "ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க, போயிட்டு வந்ததும் இன்னும் மிச்சம் இருக்குற மாதிரி தோணுதா"ன்னு தனித்தனியா கேளுங்க, பதில் வரும்.

2. முதல்ல பாக்க வேண்டியது: இது வீட்டுல வச்சுக்குற விஷயமா?

கீழ இருக்குறதுல ஒண்ணு இருந்தாலும் இந்த வழிகாட்டிய மூடிட்டு டாக்டர்ட்ட போயிடுங்க.

முட்டிக்கிட்டு இருக்கு ஆனா கொஞ்சம் கூட வரல, அடிவயிறு உப்பி வலிக்குதுன்னா அது எமர்ஜென்சி, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலாவுக்கு பின்னாடி கடுமையான வலி, இதுவும் அன்னைக்கே போக வேண்டியது. யூரின்ல ரத்தம் தெரிஞ்சா வலி இல்லைனாலும், ஒரே தடவ வந்து நின்னுட்டாலும் காட்டணும், வலி இல்லாம வர்ற ரத்தத்த "சூட்டுல வந்திருக்கும்"னு விட்டுடறதுதான் ரொம்ப ஆபத்து. (பீட்ரூட் சாப்பிட்டாலும், டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின் மாத்திரை எடுத்தாலும் நிறம் செவப்பா, ஆரஞ்சா மாறும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.) யூரின் நின்னதோட காலு மரத்துப் போறது, உக்காருற இடத்துல உணர்ச்சி இல்லாம போறதுன்னா அது முதுகுத்தண்டு நரம்பு சமாச்சாரம், உடனே ஓடணும்.

நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்குறது ஒண்ணு இருக்கு. சொட்டு சொட்டா எந்நேரமும் ஒழுகிட்டே இருக்கு, அப்போ யூரின் நல்லா போகுதுதானேன்னு நினைப்பாங்க. பை நெறஞ்சு வழியும்போதும் அப்படித்தான் ஒழுகும். பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு டயப்பர் மாத்திட்டே இருந்தாங்க, ஸ்கேன் எடுத்தா உள்ள அரை லிட்டருக்கு மேல தேங்கியிருந்துச்சு.

3. உருவாகலையா, வெளிய வரலையா?

மொத்த வேலையோட அச்சாணி இந்த படி. "யூரின் சரியா போகல"ங்குற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பிரச்சினை இருக்கு.

ஒண்ணு, உருவாகுறதே கம்மி. வெயில்ல வேலை, வயித்துப்போக்கு, தண்ணியே குடிக்காம இருக்குறது. யூரின் அடர் மஞ்சளா, வாடையோட, எரிச்சலோட கொஞ்சமா வரும், ஆனா வர்றது தடையில்லாம வரும். நம்ம ஊருல நீர்ச்சுருக்குன்னு சொல்றதுல பாதி இதுதான், தண்ணி குடிச்சா சரியாகும். அப்படி குடிச்சும் எரிச்சல் ரெண்டு நாள்ல போகலைன்னா கிருமித் தொத்து இருக்கலாம், டெஸ்ட் பண்ணணும். நாள் முழுக்க 400 மி.லி. கூட வரலைன்னா கிட்னியையும் பாக்கணும்.

ரெண்டாவது, உருவாகுது, ஆனா காலியாகல. ஆரம்பிக்க நேரமாகுது, வேகம் இல்ல, நின்னு நின்னு வருது, போயிட்டு வந்த பத்து நிமிஷத்துல மறுபடி முட்டுது. நிறம் பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும். 50 வயசு தாண்டுன ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் (மூத்திரப் பைக்கு கீழ, யூரின் குழாய சுத்தி இருக்குற சுரப்பி) வீக்கம், ரொம்ப வருஷமா சுகர் இருக்குறவங்களுக்கு பையோட நரம்பு தளர்ச்சி, மலச்சிக்கல், சில மாத்திரைங்க, இதெல்லாம் காரணம். இவங்களுக்கு ஒரேயடியா தண்ணி ஊத்துனா எங்க அப்பாவுக்கு ஆனதே ஆகலாம்.

எதுன்னு தெரியலையா, அடுத்த படி சொல்லிடும்.

4. மூணு நாள் கணக்கு

ஒவ்வொரு தடவையும் எத்தன மணிக்கு, எவ்வளவு மி.லி., அவசரமா ஓடுனாங்களா, ஒழுகுச்சா, கூடவே என்ன எவ்வளவு குடிச்சாங்க, இத மூணு நாள் எழுதணும். ஒரு நாள் போதாது, ஏன்னா ஒரு நாள் வெளிய போயிருப்பாங்க, ஒரு நாள் வீட்டுல சும்மா இருந்திருப்பாங்க, கணக்கு தலைகீழா மாறும்.

அப்பா நோட்டுல ஒரு பக்கம் இன்னும் இருக்கு. காலைல 7 மணிக்கு 110, 7:50க்கு 60, 9 மணிக்கு 90. பகல் முழுக்க இப்படி டம்ளர்ல பாதி பாதியா. ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் 11:15க்கு 150, 1 மணிக்கு 140, 3 மணிக்கு 160, காலைல எந்திரிச்சதும் 170. ராத்திரி மட்டும் 620, முழு நாளுக்கு 1450.

இத எப்படி படிக்கணும்னா, பெரியவங்களோட பை சாதாரணமா 400லருந்து 600 மி.லி. வரைக்கும் புடிக்கும், ஒரு தடவைக்கு 250, 300 வர்றதுதான் வழக்கம். எல்லா தடவையும் 100க்கு கீழயே இருக்குன்னா ஒண்ணு பை காலியாகாம மிச்சம் நிக்குது, இல்ல பை எரிச்சல்ல சீக்கிரமே முட்டுது. நாள் மொத்தம் 800க்கும் 2000க்கும் நடுவுல இருந்தா உருவாகுறதுல குறையில்ல, போற வழியத்தான் பாக்கணும். 2500, 3000ன்னு போகுதுன்னா அளவுக்கு மீறி குடிக்கலாம், இல்ல சுகர் ஏறியிருக்கலாம், அத டெஸ்ட் பண்ணுங்க.

ராத்திரி பங்கு தனியா பாருங்க. வயசானவங்களுக்கு மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ராத்திரி வந்தா அது ராத்திரி உற்பத்தி அதிகம்னு அர்த்தம், ப்ராஸ்டேட்ட மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அப்பாவுக்கு 43 சதவீதம்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, காலைல எந்திரிச்சதும் போறத பகல் கணக்குல சேக்குறது. அது ராத்திரி முழுக்க சேந்த தண்ணி, ராத்திரி கணக்குலதான் வரணும். இன்னொரு தப்பு, மலம் போகும்போது கூடவே வர்ற யூரின அளக்காம விடுறது. அளக்க முடியலைன்னா அளவு தெரியலைன்னு போட்டு நேரத்த மட்டுமாவது எழுதுங்க.

5. மாத்திரை கவர எடுங்க

தண்ணிக்கும் முன்னாடி இத ஏன் வைக்கிறேன்னா, காரணம் மாத்திரைன்னா வேற என்ன பண்ணாலும் பலன் இருக்காது.

சளிக்கு குடுக்குற கூட்டு மாத்திரைல குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின்னு இருக்கும், அட்டைக்கு பின்னாடி சின்ன எழுத்துல பாருங்க. முதலாவது பை சுருங்குறத தளர்த்தும், ரெண்டாவது பையோட வாய இறுக்கும், ப்ராஸ்டேட் வீங்கினவங்களுக்கு ரெண்டும் சேந்தா அடைச்சிடும். வயித்து வலிக்கு குடுக்குற டைசைக்ளோமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் குடுக்குற அமிட்ரிப்டிலின், ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை, இதுங்களும் அந்த மாதிரிதான். பிரஷருக்கு நீர் போக குடுக்குற மாத்திரைய சாயங்காலம் போட்டா ராத்திரி தூங்க விடாது.

நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. கவரோட டாக்டர்ட்ட போயி "யூரின் அடைக்குது, இதுல ஏதாவது காரணமா, நேரம் மாத்தலாமா"ன்னு கேளுங்க. மெடிக்கல்ல சளி மாத்திரை வாங்கும்போதும் "ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கு"ன்னு வாய் விட்டு சொல்லணும், சொல்லலைன்னா கடைக்காரருக்கு எப்படி தெரியும்.

6. தண்ணி: எவ்வளவுங்குறத விட எப்போங்குறது

இப்பதான் தண்ணி. வீட்டோட இருக்குறவங்களுக்கு காபி, மோர், ரசம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒண்ணரைலருந்து ரெண்டு லிட்டர் பொதுவா போதும். வயக்காட்டுலயோ வெயில்லயோ வேலை பாக்குறவங்களுக்கு இது பத்தாது, அவங்க நிறத்த பாத்து குடிக்கணும், வெளிர் மஞ்சளா இருக்கணும். காலைல முதல் யூரின வச்சு நிறம் பாக்காதீங்க, அது எல்லாருக்கும் அடர்த்தியாத்தான் இருக்கும், பி காம்ப்ளெக்ஸ் போட்டாலும் பளிச்சுனு மஞ்சளா வரும். கிட்னி கல்லு வந்தவங்களுக்கு கணக்கு வேற, வெளிய வர்ற யூரினே ரெண்டு லிட்டருக்கு மேல இருக்குற மாதிரி குடிக்க சொல்வாங்க. இதய பலவீனம், கிட்னி பாதிப்பு இருக்குறவங்க டாக்டர் சொன்ன அளவுதான், இளநீர் கூட கேட்டுட்டுதான், அதுல பொட்டாசியம் அதிகம்.

குடிக்கிற முறைல ஒரு சொம்ப மடமடன்னு ஊத்துறது தப்பு, பை திடீர்னு நெறஞ்சு விரியும். ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு டம்ளர்னு பிரிச்சு குடுங்க, பெரும்பகுதி சாயங்காலம் 6க்குள்ள முடியணும்.

பயந்து போயி தண்ணிய ஒரேயடியா நிறுத்துறவங்களும் இருக்காங்க. அடர்த்தியான யூரின் பைய எரிச்சல் படுத்தி இன்னும் அடிக்கடி ஓட வைக்கும், மலமும் இறுகிடும். காபி, டீ, சாராயம், கோலா பானம் இதுங்க பைய தூண்டும், அப்பா ஒரு நாளைக்கு நாலு காபி, ரெண்டாக்குனதுக்கே வித்தியாசம் தெரிஞ்சுது.

வாழைத்தண்டு, பார்லி, நெருஞ்சில் கஷாயம் பத்தி கேக்காதவங்க இல்ல. வாழைத்தண்டு பொரியல், சுரைக்காய் கூட்டு, வெள்ளரி எல்லாம் நல்ல சாப்பாடு, நார்ச்சத்துக்காகவே சாப்பிடலாம். ஆனா இதுல எதுவும் சுருங்கின வழிய திறந்து விடாது. மூலிகை கஷாயத்த, பிரஷர், சுகர் மாத்திரை எடுக்குறவங்களும் கிட்னி பாதிப்பு இருக்குறவங்களும் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

7. மலச்சிக்கல தீத்துடுங்க

மலக்குடல் பைக்கு நேர் பின்னாடி இருக்கு, அது நெறஞ்சு இறுகிக் கெடந்தா பையையும் அதோட வாயையும் அழுத்தும். மாமாவுக்கு அஞ்சு நாளா மலம் போகல, யூரின் நூலா வந்துட்டு இருந்துச்சு, வயிறு காலியான அன்னைக்கே பாதி சரியாச்சு. கீரை, கொய்யா, ஊற வச்ச உலர் திராட்சை, நடை. பத்தலைன்னா டாக்டர்ட்ட கேட்டு மலமிளக்கி.

8. உக்காந்து, அவசரப்படாம, ரெண்டு தடவ

ப்ராஸ்டேட் வீக்கம் இருக்குற ஆம்பளைங்க உக்காந்து போங்க. நிக்கும்போது உடம்ப நிமித்தி வைக்க இடுப்பு, தொடை தசை இறுக்கமா இருக்கும், உக்காந்தா அது தளரும், பையும் நல்லா காலியாகும். அப்பா மொதல்ல "பொம்பள மாதிரியா"ன்னு மறுத்தாரு, ரெண்டு நாள் பாருங்கன்னு சொன்னேன், இப்ப அவரே நிக்கிறதில்ல.

வெஸ்டர்ன் டாய்லெட்ல ரெண்டு பாதமும் தரைல முழுசா படியணும், எட்டலைன்னா ஒரு சின்ன மணை போடுங்க. முழங்கைய தொடைல ஊனி கொஞ்சம் முன்னாடி சாயுங்க. வயித்த முக்கக் கூடாது, முக்குனா பையோட வாய்த் தசையும் சேந்து இறுகும், ஹெர்னியாவும் மூலமும் மிச்சம். மூச்ச நிதானமா வெளிய விட்டுட்டு காத்திருங்க, குழாய லேசா திறந்து விட்டா தண்ணி சத்தத்துக்கு பல பேருக்கு வந்துடும்.

நின்னதும் எந்திரிக்காதீங்க. ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்து, இல்ல எந்திரிச்சு நாலு எட்டு நடந்துட்டு, மறுபடி உக்காந்து முயற்சி பண்ணுங்க. முதல் தடவ மிச்சம் வச்சது ரெண்டாவது தடவ வரும். ஆரம்பத்துல அப்பாவுக்கு ரெண்டாவது தடவைல 70, 80 மி.லி. வந்துச்சு, அவ்வளவும் இத்தன நாளா உள்ளயே நின்ன தண்ணி. தேங்குற தண்ணிலதான் கிருமியும் கல்லும் உருவாகும், அதுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடுறது.

முடிச்சு வேட்டி கட்டுனதும் சொட்டு விழுற பிரச்சினைக்கு, விதைப்பைக்கு பின்னாடி விரல வச்சு மெதுவா அழுத்தி முன்னாடி தள்ளுங்க, யூரின் குழாய்ல நின்ன மிச்சம் வந்துடும்.

பொம்பளைங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். வெளி டாய்லெட்ல உக்கார பயந்து அந்தரத்துல குனிஞ்சே போற பழக்கம் நெறைய பேருக்கு, அப்போ இடுப்புத் தசை தளரவே தளராது, மிச்சம் நிக்கும். சீட்ட துடைச்சிட்டு உக்காருங்க, இந்தியன் டாய்லெட் இருந்தா முழுசா குந்துங்க. பஸ்லயும் ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் டாய்லெட் சரியில்லன்னு காலைலருந்து தண்ணி குடிக்காம, போகாம அடக்குற பொண்ணுங்கள நெனச்சா மனசு வலிக்குது. மூணு, நாலு மணி நேரத்துக்கு மேல அடக்காதீங்க. கழுவும்போது முன்னாடிலருந்து பின்னாடி.

இடுப்புத் தசைப் பயிற்சிய யூரின் போகும்போது நடுவுல நிறுத்தி நிறுத்தி பண்ண சொல்ற வீடியோ நெறைய சுத்துது, அப்படி பண்ணாதீங்க, காலியாகாம நிக்கப் பழகிடும். அந்த பயிற்சி ஒழுகுறவங்களுக்கு, அதுவும் பை காலியா இருக்கும்போது.

சுகர்ல உணர்ச்சி கொறஞ்சவங்களுக்கு முட்டுறதே தெரியாது, அவங்க கடிகாரத்த பாத்து மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ போகணும்.

9. ராத்திரி

4வது படில ராத்திரி பங்கு அதிகம்னு வந்தவங்களுக்கு மட்டும் இது. சாயங்காலம் கணுக்கால அழுத்தி பாருங்க, குழி விழுந்தா பகல்ல கால்ல தேங்குன தண்ணி, படுத்ததும் ரத்தத்துல ஏறி யூரினா வருது. டாக்டர்ட்ட வீக்கத்துக்கு காரணம் கேளுங்க, கூடவே மத்தியானம் ஒரு மணி நேரம் கால தலையணை மேல தூக்கி வச்சு படுக்க வைங்க, அந்த தண்ணி தூங்கப் போறதுக்குள்ள வெளிய போயிடும். அப்பாவுக்கு இதுவும், 9:30 மணிக்கு மாத்திரையோட குடிச்ச ஒரு சொம்பு அரை டம்ளர் ஆனதும், நாலு தடவை ரெண்டாச்சு. குறட்டை பலமா விட்டு நடுவுல மூச்சு நிக்குற மாதிரி இருந்தாலும் ராத்திரி யூரின் கூடும், அதையும் சொல்லுங்க.

போற வழில ஒரு சின்ன லைட்ட எரிய விடுங்க, ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு உடையுறதுதான் வயசானவங்களுக்கு பெரிய பயம்.

10. ஸ்கேனுக்கு போகும்போது

டாக்டர் பெரும்பாலும் யூரின் டெஸ்ட், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட்), சுகர், வயித்து ஸ்கேன், யூரின் போற வேகத்துக்கு யூரோஃப்ளோ எழுதுவாரு. உங்க நோட்ட முதல்ல நீட்டுங்க, பத்து நிமிஷ கேள்வி மிச்சம்.

ஸ்கேன் சென்டர்ல ஒரு லிட்டர் குடிச்சிட்டு உக்கார சொல்வாங்க, கூட்டத்துல ரெண்டு மணி நேரம் ஆகும், பை அளவுக்கு மேல நெறஞ்சு வலிக்கும், அப்புறம் வெளிய நாலு பேர் கதவத் தட்டுற பாத்ரூம்ல அவசரமா போயிட்டு வந்து படுத்தா மிச்சம் 200ன்னு வரும். அது நெஜமான அளவு இல்ல. முட்டுனதும் போயி சொல்லுங்க, நிதானமா ரெண்டு தடவ போயிட்டு மிச்சத்த பாக்க சொல்லுங்க. சந்தேகம்னா இன்னொரு நாள் எடுங்க. யூரோஃப்ளோவுக்கும் குறைஞ்சது 150 மி.லி. வந்தாத்தான் அளவு நம்பலாம், நொடிக்கு 15 மி.லி.க்கு மேல இருந்தா பொதுவா நல்ல வேகம், 10க்கு கீழன்னா அடைப்பையோ பையோட பலவீனத்தையோ பாப்பாங்க.

ப்ராஸ்டேட்டுக்காக எடுக்குற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட்ட ட்யூப் போட்ட உடனேயோ கிருமித் தொத்து இருக்கும்போதோ எடுத்தா சும்மாவே ஏறிக் காட்டும், வீடே கலங்கிப் போகும். எப்போ எடுக்கலாம்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு எடுங்க. கிருமி இருக்குற சந்தேகம்னா ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு வளத்து பாக்குற டெஸ்ட்டுக்கு) யூரின் குடுக்கணும், முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றத புடிங்க.

11. மாத்திரை ஆரம்பிச்சா

டாம்சுலோசின் மாதிரி மாத்திரை பையோட வாய்த் தசைய தளர்த்தும், சில நாள்லயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். டுடாஸ்டெரைட், ஃபினாஸ்டெரைட் ப்ராஸ்டேட்ட சுருக்குறது, ஆறு மாசம் வரைக்கும் ஆகும், ஒரு மாசத்துல பலன் இல்லன்னு நிறுத்திடுறவங்க நெறைய.

டாம்சுலோசின் எடுக்குறவங்களுக்கு எந்திரிச்ச உடனே தலை சுத்தலாம். கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டுதான் எந்திரிக்கணும். கண்புரை ஆபரேஷன் வச்சிருந்தா கண் டாக்டர்ட்ட இந்த மாத்திரை பேர கண்டிப்பா சொல்லுங்க, ஆபரேஷன் நடுவுல கண்ணோட கருவிழிப் படலம் தொய்யலாம், முன்னாடியே தெரிஞ்சா அவங்க அதுக்கு தயாரா இருப்பாங்க.

நாலு வாரம் கழிச்சு மறுபடி அதே மூணு நாள் கணக்கு எழுதுங்க, பழைய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்துலயே எழுதுனா ஒப்பிட ஈசி. ஒரு தடவைக்கு வர்ற அளவு ஏறியிருக்கா, ராத்திரி கொறஞ்சிருக்கான்னு பாருங்க. அப்பாவுக்கு 110, 60, 90 இருந்த எடத்துல இப்ப 240, 210, 260. எண்ணிக்கை அப்படியே இருந்தாலோ, மிச்சம் தொடர்ந்து 200, 300ன்னு நின்னாலோ, மறுபடி அடைச்சாலோ, ஆபரேஷன் பத்தி யூராலஜி டாக்டர்ட்ட பேச வேண்டிய நேரம், அந்த ரெண்டு பக்கத்தையும் கையோட எடுத்துட்டு போங்க.